குங்குமச் சிமிழ் மாலையாக மாறிய இடம்

அனைவருக்கும் வணக்கம்.

எழுதுகிறவர்கள் நல்ல படம் பார்க்க வேண்டும், காமிக்ஸ் படிக்க வேண்டும் என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. பார்த்ததிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். ஒரு படைப்பைத் தனியாக வைத்து ரசிக்கும்போது அதன் தையல் கண்ணில் படாது. அதே கதை இன்னொரு வடிவத்துக்குப் போகும்போது எங்கே பிரித்தார்கள், எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று தெரிந்துவிடும். எழுத்தாளனுக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்வோம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் இந்த வங்காள நாவல் 1929-இல் நூலாக வந்தது. 1940-களில் அதன் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர் சத்யஜித் ராய். அப்போது அவர் விளம்பர நிறுவனத்தில் ஓவியர். பின்னர் அதையே படமாக எடுக்கத் துணிந்தபோது முழுத் திரைக்கதை எழுதாமல் காட்சிகளை ஒரு நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். படம் 1955-இல் வெளிவந்தது. எழுத்து, சித்திரம், சினிமா என்று ஒரே கதை மூன்று கைவேலைகளைக் கண்டிருக்கிறது.

நாவலில் சிறுமி துர்கா மீது திருட்டுப் பழி இரண்டு முறை விழுகிறது. முதலில் ஒரு பாசிமணி மாலை, பிறகு ஒரு பொன் குங்குமச் சிமிழ். அவள் இறந்த பிறகு, ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில், தம்பி அப்பு அந்தச் சிமிழைக் கண்டெடுத்து மூங்கில் காட்டுக்குள் வீசிவிடுகிறான். படத்தில் இரண்டு திருட்டும் ஒன்றாகிவிட்டன. முதலில் பழிக்குக் காரணமான மாலையே கடைசியில் அப்புவின் கைக்கு வருகிறது. அவன் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, கருந்தண்ணீர் தெரிகிறது, பாசி மறுபடி மூடிக்கொள்கிறது.

ராய் ஏன் மாற்றினார்? நாவல் வாசகன் பல நாள் படிப்பான், இரண்டு பொருள்களை நினைவில் வைத்துக்கொள்வான். இரண்டு மணி நேரப் படத்தில் அதற்கு இடம் இல்லை. மூங்கில் காடு ஏன் குளமானது என்பது இன்னும் நுட்பமான விஷயம். இனி இது யாருக்கும் தெரியாது என்ற அப்புவின் எண்ணத்தை நாவலாசிரியர் நேராக எழுதிவிடலாம். கேமராவால் எண்ணத்தைப் பிடிக்க முடியாது. ரகசியம் மூடப்படுவதைப் பாசி செய்து காட்டுகிறது. உங்கள் கதையில் இரண்டு சம்பவங்கள் ஒரே வேலையைச் செய்தால் ஒன்றில் சேர்த்துப் பாருங்கள். மனத்தில் நடப்பதை ஒரு பொருள் செய்து காட்டுமா என்றும் பாருங்கள். காட்டாவிட்டால் தயங்காமல் எண்ணத்தையே எழுதுங்கள். உரைநடைக்கு அந்த உரிமை இருக்கிறது.

ரயில் விஷயத்தில் நாவலாசிரியரின் முடிவே எனக்கு மேலானதாகப் படுகிறது. நாவலில் துர்காவும் அப்புவும் ரயில் பார்க்கப் போய்ப் பார்க்காமல் திரும்புகிறார்கள். படுக்கையில் கிடக்கும்போதும் துர்காவுக்கு அந்த ஆசை தீரவில்லை. படத்தில் நாணல் வெளியைத் தாண்டி ரயில் வந்தேவிடுகிறது. இரவில் அதன் சத்தத்தைக் கேட்டிருந்த பார்வையாளனுக்கு அதைக் காட்டாமல் விட முடியாது. சினிமாவுக்கு அது சரி. ஆனால் உரைநடை ஒரு ஆசையை நிறைவேற்றாமல் நூறு பக்கம் சுமந்து போகும்.

இனி அப்பா ஹரிஹர் திரும்பி வரும் காட்சி. மகள் இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். சப்பாத்திப் பலகையும் கட்டையும், லட்சுமி படம், பிறகு துர்காவுக்கு ஒரு புடவை. புடவை கைக்கு வந்ததும் தாய் சர்வஜயா உடைந்துபோகிறாள். நாவலில் அவள் வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். படத்தில் அவளுடைய அழுகைக் குரலே இல்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற, வில்லால் இசைக்கும் தந்தி வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கிறது. இதைப் பார்த்துவிட்டுக் கதையில் ஷெனாய் ஒலித்தது என்று எழுதினால் பயனில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையை. வீட்டுச் சாமான்கள் முதலில் வந்ததால்தான் புடவை அத்தனை கனக்கிறது. புடவை முதலில் வந்திருந்தால் மற்றவை வெறும் பட்டியல்.

காமிக்ஸ் கற்றுத்தருவது கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை. ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நடந்ததை வாசகனே நிரப்பிக்கொள்கிறான். லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் நன்கு அறிமுகமான டெக்ஸ் வில்லர் இத்தாலியக் கௌபாய் கதை. அதன் வழக்கமான பக்கத்தில் மூன்று வரிசை, வரிசைக்கு ஏறக்குறைய இரண்டு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு செயல்தான் நிற்கும். எழுந்தான், கதவைத் திறந்தான் என்று இரண்டையும் ஒரே கட்டத்தில் வரைய முடியாது. புதியவர்கள் முதலில் இடறுவது இதில்தான். அடுத்த தவறு பேச்சுக் குமிழில். குமிழ்களை இடமிருந்து வலமாகப் படிப்பதால், முதலில் பேசுகிறவரை வலப்பக்கம் நிறுத்தினால் குமிழ்களின் வால் குறுக்கே மோதும். ஒரு குமிழில் இருபது சொல்லைத் தாண்டினால் படம் மூச்சுத் திணறும். படத்தில் தெரிவதைக் குமிழ் மறுபடி சொன்னால் இரண்டுமே வீண்.

நிறையப் படம் பார்க்கிறவர்களின் உரைநடையில் ஒரு நோய் தொற்றுகிறது. கண் சிவந்தது, முஷ்டி இறுகியது என்று முகபாவங்களாகவே எழுதிக்கொண்டு போவார்கள். கேமராவால் எளிதில் முடியாததை அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த வருடங்களில் அவள் தினமும் இப்படித்தான் செய்வாள் என்ற ஒற்றை வாக்கியத்துக்குத் திரையில் நேர் இணை கிடையாது. திரை ஒரு நாளைத்தான் காட்டும். விபூதிபூஷண் தன் நாவலில் ஹரிஹரின் கொள்ளைக்கார முன்னோர் ஒருவர் வரை பின்னோக்கிப் போகிறார். ராய் அதை முழுதாக விட்டுவிட்டார். அதனால் அந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

பயிற்சிக்கு அந்தப் புடவைக் காட்சியே போதும். முதல் முறை சும்மா ரசித்துப் பாருங்கள். அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டு, ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மறுநாள் குறிப்பைத் திறக்காமல் ஆறு கட்டமாக வரையுங்கள். குச்சி மனிதர்கள் போதும். துர்காவின் பெயர் எந்தக் குமிழிலும் வரக்கூடாது. வரைந்ததை வேறொருவரிடம் காட்டி, யார் இறந்தது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அநேகமாகப் புடவைக் கட்டம் பெரியவள் கட்டும் புடவையாகத் தெரியும்படி இருக்கும். முந்தைய கட்டம் ஒன்றில் சிறுமிக்கான ஒரு தடயம் வைத்தால் சரியாகும். அதன் பிறகு இருநூறு சொல்லில் உரைநடையாக எழுதுங்கள். அதில் ஒரு வாக்கியமாவது படத்தாலும் கட்டத்தாலும் முடியாததாக இருக்கட்டும்: அந்தப் புடவையை எந்த ஊர்க் கடையில், என்ன விலை பேசி, எதைக் கணக்குப் போட்டு அவர் வாங்கினார் என்பது போல.