எந்த அணியையும் சேராத பயணி

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து நடுவராக வெளிநாடு போய் வந்ததைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. விசில் பிடிக்கிறவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் போனது சுவீடனின் மேற்குக் கரையில் இருக்கும் கோத்தென்பர்க் நகரத்துக்கு. ஊர்க்காரர்கள் வாயில் அது யோத்தெபோரி. 1975இல் தொடங்கிய கோதியா கோப்பை என்னும் சிறுவர் சிறுமியர் போட்டி அங்கேதான் ஜூலையில் நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் வருகின்றன. ஒரு வாரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை முடிக்க வேண்டும். உள்ளூர் நடுவர்கள் மட்டும் போதாது என்பதால் வெளிநாட்டு நடுவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் கடலூர்க்காரனான எனக்கு இடம் கிடைத்தது.

நகரின் நடுவே ஹேடென் என்றொரு பெரிய திடல். ஒரு காலத்தில் ராணுவப் பயிற்சி நடந்த இடம். இன்று அங்கே வரிசையாகச் செயற்கைப் புல் மைதானங்கள். ஒரு மைதானத்தில் ஊதினால் அடுத்த மைதானத்துப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அவ்வளவு நெருக்கம். அதனால் விசிலை அழுத்தி, நீளமாக ஊதிவிட்டுக் கையை உடனே உயர்த்தக் கற்றுக்கொண்டேன்.

கைதான் அங்கே மொழி. இரண்டாம் நாள் ஆட்டத்தில் ஸ்பானிய மொழி பேசும் அணி ஒன்று போட்ட கோலை ஆஃப்சைடு என்று, அதாவது பந்தை உதைத்த நேரத்திலேயே அவர்கள் ஆள் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றான் என்று மறுத்தேன். பதின்மூன்று வயது கேப்டன் கண் கலங்க ஓடி வந்தான். அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. என் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. பந்து உதைக்கப்பட்டபோது கடைசித் தடுப்பாட்டக்காரன் நின்ற இடத்தைக் காட்டி, அங்கிருந்து கையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பிறகு அவனுடைய ஆள் நின்ற இடத்தைக் காட்டினேன். பார்த்தான், தலையை ஆட்டினான், திரும்பி ஓடிவிட்டான். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவே மாட்டேன்.

மொழி புரியாததால் பெரிய ஆட்டமே நின்றுபோனதுண்டு. 1966 உலகக் கோப்பைக் காலிறுதி, இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை வெளியேறச் சொன்னார். அவர் பேச்சு இவருக்குப் புரியவில்லை, இவர் பேச்சு அவருக்குப் புரியவில்லை. ரத்தீன் போகவே மறுத்துப் பல நிமிடம் நின்றார். அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் இதை யோசித்துக்கொண்டே காரில் போகும்போது சிக்னல் விளக்கைப் பார்த்திருக்கிறார். எச்சரிக்க மஞ்சள் அட்டையும் வெளியேற்றச் சிவப்பு அட்டையும் பிறந்தது அங்கேதான். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. என் சட்டைப் பையில் இருந்த இரண்டு அட்டைகளும் வேற்றுமொழிக்காரர்களுக்காகவே உண்டானவை என்பதை ஹேடெனில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அப்புறம், ஊர் சுற்றிய கதை. ஆட வரும் பிள்ளைக்கு அணி இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவார்கள். நடுவருக்கு அணி கிடையாது. கடைசி விசில் ஊதியதும் அவர் தனி ஆள். முதல் நாள் அது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தனிமைதான் எனக்கு ஊரைக் காட்டியது. ஜூலையில் இரவு பத்து மணி வரை சூரியன் இருக்கும். ஆறு மணிக்கு வேலை முடிந்தாலும் ஒரு முழு மாலை கையில் மிஞ்சும்.

11ஆம் எண் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தமான சால்ட்ஹோல்மெனில் இறங்கினால் படகுத்துறை. அங்கிருந்து தெற்குத் தீவுகளுக்குப் படகு போகிறது. ஸ்டிர்சோ தீவில் இறங்கி நடந்தேன். கார் கிடையாது, பெட்டி வைத்த மூன்று சக்கர மொபெட்டுகள் மட்டும் சாமான் ஏற்றிப் போகின்றன. பாறைமேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டபடி அன்றைய ஆட்டங்களை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். அந்த நாட்டில் அல்லேமான்ஸ்ரெட்டென் என்றொரு உரிமை உண்டு. அடுத்தவர் நிலமானாலும் வீட்டையும் பயிரையும் தொந்தரவு செய்யாமல் யாரும் நடக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். விசில் ஊத ஆளில்லாமலே இந்த விதியை எல்லோரும் மதிப்பதைப் பார்த்து, ஒரு நடுவராக நான் மிகவும் நெகிழ்ந்தேன்.

உல்லேவி அரங்கத்துக்கும் போனேன். 1958 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. வேல்ஸுக்கு எதிராகப் பிரேசிலின் பெலே தன் முதல் உலகக் கோப்பை கோலைப் போட்டது அங்கேதான். அப்போது வயது 17. நான் ஊதிய சில ஆட்டங்களில் ஆடியவர்களுக்கும் அதே வயதுதான்.

இன்னொரு நாள் மழை. நகர அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். அது 1731இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கட்டடம். அந்தக் கம்பெனியைப் பற்றித் தேடிப் படித்தபோது திகைத்துப்போனேன். 1733இல் அவர்கள் சோழமண்டலக் கரையில் ஒரு பண்டகசாலை போட, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதைத் தாக்கிப் பிடித்திருக்கிறார்கள். இடம், போர்ட்டோ நோவோ. நம்ம பரங்கிப்பேட்டை! நான் சிறுவனாகப் பந்து உதைத்த கடற்கரை அது.

நடுவராக விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராக நின்ற கோமளீஸ்வரன் சங்கர் இந்தியர்தான். டென்மார்க்கின் டானா கோப்பை, ஓஸ்லோவின் நார்வே கோப்பை போன்ற போட்டிகளுக்கும் வெளிநாட்டு நடுவர்கள் போகிறார்கள். முதலில் உங்கள் கால்பந்துச் சங்கத்தில் நடுவர் தேர்வு எழுதுங்கள். வெளிநாடு போகச் சங்கத்தின் அனுமதி வேண்டும், விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சம்பாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இராது. செயற்கைப் புல்லுக்கு ஏற்ற ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். நான் நீளக் குமிழ் வைத்த ஷூவோடு போய் முதல் நாளே பாதம் கொப்பளித்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் அங்கே பிள்ளைகள் வரிசையாக வந்து நடுவர் கையைக் குலுக்கி, "தாக் ஃபோர் மாட்சென்" என்பார்கள். ஆட்டத்துக்கு நன்றி என்று பொருள். தோற்ற பிள்ளைகளும் சொன்னார்கள். கண் கலங்கி நின்ற அந்தக் கேப்டனும் வந்து கை கொடுத்தான்.

நன்றி, வணக்கம்.