டிசம்பர் 31 ராத்திரிக்கு என்ன பாட்டு?

வணக்கம் நேயர்களே. புது வருஷத்துக்கு என்ன பாட்டு கேட்கலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேளுங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டாததாகப் பார்த்துக் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி.

சென்னைக்காரர்கள் இதற்காக மெனக்கெடவே வேண்டாம். டிசம்பர் 31 சரியாக மார்கழிக்கு நடுவில் வந்து விழுகிறது. விடிவதற்கு முன்னால் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, சாயங்காலம் சபாவில் கச்சேரி, ராத்திரி சர்ச்சில் நள்ளிரவு ஆராதனைப் பாட்டு, பன்னிரண்டு அடித்ததும் ஏதாவது ஒரு மாடியிலிருந்து எஸ்.பி.பி. குரலில் 'இளமை இதோ இதோ'. அந்தப் பாட்டு இருக்கும் 'சகலகலா வல்லவன்' படம் 1982 ஆகஸ்டில் வந்தது, புத்தாண்டு சமயத்தில் வந்த படமே இல்லை, ஆனாலும் நாற்பது வருஷம் தாண்டியும் இளையராஜாவின் அந்த மெட்டை அந்த நிமிஷத்திலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை.

இப்படிக் கலந்து கட்டிக் கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. மார்கழி என்றால் சுத்த கர்நாடகம்தான் என்பார்கள். சரி, அந்தச் சுத்தத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது, சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாசித்ததைக் கேட்டிருக்கிறார். கேட்டதோடு விடாமல் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், செய்தார், அவைதான் நோட்டு சுவரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே வரும்! இன்றைக்கு எந்தக் கச்சேரி மேடையிலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயலினும் மேற்கிலிருந்து வந்ததுதான், அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த சங்கீதத்துக்கு நாம் வேலி போடுவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

2020-இல் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சி வந்த பிறகு இந்த மாதத்துக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. கானா, பறை, ஒப்பாரி, ராப் எல்லாம் மேடையேறுகின்றன. சபாவில் தோடி ஆலாபனை கேட்டுவிட்டு அங்கே போய் நின்று பாருங்கள், பறையில் விழும் அடி முதலில் நெஞ்சில் கேட்கும், அப்புறம்தான் காதில். இரண்டும் ஒரே ஊரில் இருந்தும் இத்தனை காலம் இரண்டுக்கும் ஆட்கள் வேறு வேறாக இருந்ததுதான் என்னை உறுத்துகிறது.

ஜனவரி 1 வெறும் தூக்க நாள் என்று நினைக்காதீர்கள். நம் நேரப்படி பிற்பகல் 3.45 மணிக்கு வியன்னாவில் புத்தாண்டுக் கச்சேரி தொடங்கும், 1939-இல் ஆரம்பித்த பழக்கம் அது. நம் பம்பாய்க்காரர் சுபின் மேத்தா அதில் 5 முறை ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியிருக்கிறார். கடைசியில் வாசிக்கும் ராடெட்ஸ்கி மார்ச்சுக்குக் கூட்டமே சேர்ந்து கைதட்டும், நடத்துனர் ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுவிட்டுத் திரும்பி நின்று ஜனங்களுக்குக் கையசைத்துத் தாளம் சொல்வார். நம் சபாக்களில் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் மாமாக்கள் அங்கே இருந்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்கள்.

போனில் செயலி போட்டுக்கொடுக்கும் வரிசையை அன்றைக்கு நம்பாதீர்கள், ஒரு மெலடி கேட்டால் இன்னும் முப்பது மெலடியைத்தான் தள்ளும். நீங்களே அடுக்குங்கள். என் வரிசையில் முதலில் நோட்டு சுவரம், அடுத்து கானா, அப்புறம் வியன்னாக் கச்சேரியில் வாசிக்கும் ஸ்ட்ராஸ். காருகுறிச்சியாரின் நாகஸ்வரத்தை மட்டும் எங்கே வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் சின்னதாகத் தெரிகிறது.