மலை அணையில் ஒரு வலசை நாள்

நேயர்களுக்கு வணக்கம். பறவைகள் கூட்டமாக இடம்பெயரும் வலசைக் காலத்தில் மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குப் பறவை பார்க்கப் போவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

மலை அணையில் என்ன பறவை இருக்கப்போகிறது என்று பலர் கேட்பார்கள். ஓரளவு சரியான கேள்விதான். தண்ணீர் ஆழம், குளிர்ச்சி, சத்தும் குறைவு, கரையோ சட்டென்று சரிந்து இறங்கிவிடும், அதனால் சமவெளி ஏரியில் காணும் கூட்டத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் வலசைக் காலத்தில் நிலைமையே வேறு. இரவெல்லாம் பறந்து களைத்த பறவைக்கு, மலைகளுக்கு நடுவே இறங்கி இளைப்பாற இடம் அதுதான்.

முதலில் நீர்மட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அணை ததும்பி நின்றால், சேற்றோரத்தில் இரை தேடும் உள்ளான்களுக்கு நிற்க இடமில்லை. தண்ணீர் வற்றி ஓரத்தில் சேறு தெரிந்தால்தான் புழுவும் பூச்சியும் கிடைக்கும். அதிலும் ஓடை வந்து சேர்கிற ஆழமில்லாத முனைதான் நல்ல இடம், மதகுப் பக்கம் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் வானிலை. வானம் பளிச்சென்று இருக்கும் நாளைத்தான் எல்லோரும் விரும்புவார்கள், நான் தூறலும் மூடுபனியுமான விடியலுக்குத்தான் கிளம்புவேன். நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்து இரவில் வழி கண்டு வரும் பறவைகள், தெளிவான வானத்தில் நம் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். மழையோ எதிர்க்காற்றோ மறித்தால் கிடைத்த இடத்தில் இறங்கும். அப்படி இறங்கிய ஒரு கொசு உள்ளானைப் பாருங்கள். முப்பது கிராம்கூட இருக்காது, ஆர்க்டிக் பக்கத்து மரமில்லாக் குளிர்வெளியான தூந்திரத்தில் பிறந்தது, நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதன் குடும்பத்தாரில் பெரிய சாதனைக்காரரும் உண்டு: 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் தெரிந்தது.

இத்தனை தூரமும் உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான். அதனால் படத்துக்காகக் கிட்டே போய்க் கிளப்பிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் போய்விடுகிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட எட்டுக்கு நாற்பத்திரண்டு இருகண்ணோக்கி போதும். நாம் அசையாவிட்டால் வாலை ஆட்டிக்கொண்டே உள்ளான் தானாக நெருங்கி வரும்.

நடுப்பகலில் கானல் எழும்பி தூரத்துப் பறவை நெளிந்து தெரியும். அந்த நேரத்தில் வானத்தைப் பாருங்கள், வெப்பக் காற்றைப் பிடித்துக் கழுகுகளும் பருந்துகளும் வட்டமிட்டு உயரும். அதிர்ஷ்டம் இருந்தால் விரால் அடிப்பான் வரும். கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் பாய்ந்து, பிடித்த மீனின் தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டு பறக்கும் அழகு இருக்கிறதே, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

மாலையில் கிளம்புமுன் பார்த்த பறவைகளின் பட்டியலை, பறவைப் பதிவுக்கான இணையதளமான இ-பேர்டில் பதிந்துவிடுங்கள். பறவைகளின் எண்ணிக்கையோடு எவ்வளவு சேறு தெரிந்தது, காற்று எந்தத் திசை, மழை இருந்ததா என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் எந்த வாரம் போகலாம் என்று முடிவெடுக்க அந்தக் குறிப்புதான் உதவும். நன்றி, வணக்கம்.