பிளாஸ்டிக் மிதக்கும்தானே, வலை போட்டு அள்ளிவிட முடியாதா?

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும்தானே சார்? நெருக்கமான வலையாகப் போட்டு வீராணம் ஏரியிலிருந்து அள்ளிவிட முடியாதா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அருமையான கேள்வி.

மிதக்கும், உண்மைதான். கேரி பேக் பாலித்தீன் தண்ணீரைவிட லேசு. ஆனால் எத்தனை நாள் மிதக்கும்? ஏரியில் ஒரு செங்கல்லைப் போட்டு வையுங்கள், கொஞ்ச நாளில் வழவழவென்று பாசி பிடித்துவிடும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குக்கும் அதேதான் நடக்கிறது. பாக்டீரியா ஒட்டும், பாசி ஒட்டும், கனம் ஏறும், அடியில் போய் உட்கார்ந்துவிடும். வீராணத்தின் அடிமண்ணைச் சோதித்த ஆய்வு 2021-ல் வந்தது. கிலோவுக்கு 92 முதல் 604 துணுக்குகள், சராசரி 309. அங்கே எந்த வலையைப் போடுவது?

ஆறு கடத்திவிடும், ஏரி வைத்துக்கொள்ளும் என்று நான் அடிக்கடி சொல்வேன் இல்லையா, மறுபடியும் சொல்கிறேன். மங்கோலியாவில் ஹொவ்ஸ்கோல் என்று ஒரு ஏரி இருக்கிறது. கரையில் பெரிய ஊரே இல்லை. வெளியே போக ஒரே ஒரு ஆறு. அங்கேயே நீர்ப்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாகச் சுமார் 20,000 துணுக்குகள் இருந்ததாக 2014-ல் எழுதினார்கள்.

சரி, அடியில் கிடந்தால் கிடக்கட்டும் என்று விடவும் முடியாது. சேற்றில்தான் சிவப்பு இரத்தப்புழு, அதாவது கடிக்காத ஒரு சின்ன ஈயின் புழு, மேய்கிறது. சேற்றோடு பிளாஸ்டிக்கையும் விழுங்குகிறது. வயிறு நிரம்பும், சத்து இருக்காது, வளர்ச்சி குன்றும். அந்தப் புழுவைக் கெண்டை தின்னும். தப்பிய புழு ஈயாகிப் பறக்கும். கொசுப்புழு விழுங்கிய துணுக்கு, அது கொசுவான பிறகும் உடம்பில் இருந்ததை 2018-ல் இங்கிலாந்தில் காட்டினார்கள். தட்டான், தகைவிலான் குருவி எல்லாம் பறக்கிற பூச்சியைத்தான் பிடித்துத் தின்கின்றன. ஏரிக்குள் போனது இப்படி ஏரியைவிட்டு வெளியேயும் வருகிறது.

நீங்கள் வலையைப் பற்றிக் கேட்டீர்கள், எனக்கோ தூர் வாருவதைப் பற்றிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. சின்ன வயதில் கோடைக்கு ஏரி வற்றினால் தாத்தா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வண்டல் எடுக்கப் போவார், நானும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வேன். "இதைப் போட்டால் வேறு எருவே வேண்டாம்டா" என்பார். இன்றும் விவசாயிகள் வண்டல் எடுத்துக்கொள்ளலாம், தமிழ்நாட்டில் அதற்குக் காசு கிடையாது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிலோவுக்கு 309 என்றால் ஒரு டன்னுக்கு எவ்வளவு? மூன்று லட்சத்துக்கு மேல். ஒரு டிராக்டர் லோடு வயலில் இறங்கும்போது எத்தனை இறங்குகிறது என்று பாருங்கள். மண்ணில் உப்பு, கார அமிலத் தன்மை எல்லாம் பார்க்கிறோம். வண்டல் எடுக்கும் முன்னால் இதையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.