ஏழு நொடிக்கு முன்னும் பின்னும்

எல்லாருக்கும் வணக்கம். வானத்தில் விமானங்கள் வரிசை கட்டிப் போவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் சாகசக் கண்காட்சிகளில் நடந்த விபத்துகளைப் பற்றிப் பேச வந்தேன்.

2019 பிப்ரவரி 19. பெங்களூரு எலகங்காவில் விமானக் கண்காட்சி தொடங்க ஒரே நாள் பாக்கி. ஒத்திகையில் இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரணின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டு விழுந்தன. ஒரு விமானி இறந்தார், இரண்டு பேர் வெளியே குதித்துத் தப்பினார்கள். ஹாக் என்பது பயிற்சி ஜெட். சாகசக் குழுக்கள் பல இந்த மாதிரி பயிற்சி ஜெட்டைத்தான் ஓட்டுகின்றன, சின்னது, சட்டென்று திரும்பும். அன்றைக்குக் கண்காட்சிக் கூட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தால்?

ராம்ஸ்டைனில் வந்திருந்தது. 1988 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, அன்றைய மேற்கு ஜெர்மனியில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளம். சுமார் 3 லட்சம் பேர், பிள்ளைகுட்டிகளோடு, ஐஸ்கிரீம் வண்டிகளைச் சுற்றி நிற்கிறார்கள். மேலே இத்தாலிய விமானப்படையின் ஃப்ரெச்சே திரிகொலோரி குழு, எம்பி-339 பயிற்சி ஜெட்கள் பத்து. ஒன்பது விமானங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து புகையால் ஒரு இதயம் வரைந்துகொண்டு இறங்கி வரும், அடியில் ஒன்றையொன்று கடக்கும், அந்த நேரத்தில் பத்தாவது விமானம் எதிரிலிருந்து அம்பு மாதிரி இதயத்தைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். எந்தத் திசையில்? கூட்டத்தை நோக்கி.

பத்தாவது விமானத்தை ஓட்டியவர் இவோ நுடரெல்லி, அனுபவசாலி. அன்று அவர் கொஞ்சம் தாழ்வாகவும் கொஞ்சம் முன்னதாகவும் வந்துவிட்டார். தலைவரின் விமானத்தில் மோதினார், அது சுழன்று பக்கத்து விமானத்தில் மோதியது. நுடரெல்லியின் ஜெட் தரையில் விழுந்து தீப்பந்தாக உருண்டு கூட்டத்துக்குள் போனது. மோதல் நடந்தது மாலை 3.44. அந்த நொடியிலிருந்து தீ மக்களைத் தொட ஏழு நொடி.

(இந்த இடத்தில் நான் ஏழு நொடி பேசாமல் நின்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா மடியிலிருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான் முடியும் அந்த நேரத்துக்குள்.)

மூன்று விமானிகளையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள்.

விமானியின் பிழை என்று சொல்லலாம், பிழைதான். ஆனால் ஒரு மனிதன் நொடிக்கணக்கில் தப்புச் செய்வான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அந்தத் தப்பு மக்கள் மேல் போய் விழுகிற மாதிரி கோணத்தை முடிவு செய்தது எத்தனையோ நாள் முன்னாடி மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள். புதுப் பாடம்கூட இல்லை இது. 1952-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் ஒரு ஜெட் வானிலேயே உடைந்து கூட்டத்தில் விழுந்து 29 பார்வையாளர்கள் செத்தார்கள், அதற்கப்புறம் பிரிட்டன் விதிகளைக் கடுமையாக்கியது. ராம்ஸ்டைன் நடந்தது 36 வருஷம் கழித்து! எனக்கு ஆறவே இல்லை, இப்போதும்.

சரி, விழுந்தாகிவிட்டது, அப்புறம்? அவசரத்துக்கென்று நிறுத்தியிருந்த மருத்துவ ஹெலிகாப்டரே சிதைவுகளில் அடிபட்டது, அதன் விமானி சில வாரம் கழித்து இறந்தார். தீக்காயத்தில் உடம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும், உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். உங்களுக்கு ஆஸ்பத்திரியில் கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்பில் செருகும் ஊசிக்குழாய், குத்தியிருப்பார்கள், டிரிப்ஸ் குழாயை அதன் முனையில் செருகித் திருகுவார்கள் இல்லையா? தளத்தில் அமெரிக்க மருத்துவர்கள் குத்தியது ஒரு அளவு, வெளியே ஜெர்மன் ஆம்புலன்ஸில் இருந்த குழாய் வேறு அளவு. சேரவில்லை. குத்திய ஊசி கையில் இருக்கிறது, ஏற்ற வேண்டிய மருந்து பக்கத்தில் தொங்குகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முனை பொருந்தவில்லை. இதைப் பிறகுதான் பல நாடுகளில் ஒரே அளவாக்கினார்கள்.

ஜெர்மனி மூன்று வருஷம் சாகசக் கண்காட்சிகளைத் தடை செய்தது, கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே தூரம் கூடியது. நல்லது.

அந்த மாலையில் தீக்காயத்தோடு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் லுட்விக்ஸ்ஹாஃபென் மருத்துவமனைக்குப் போனது. பஸ் போய்ச் சேர்ந்தபோது இரவு 8 மணி.