இழுப்பறையில் முப்பது ஆண்டுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2016இல் வெளியிட்ட ஐந்து பவுண்டு தாளில் ஓர் இளம்பெண்ணின் முகம் இருக்கிறது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, அதன் நடுவே ஒரு பதக்கம். பார்ப்பவர்கள் ஏதோ பழங்கால அரசகுமாரி என்றே நினைப்பார்கள். உண்மையில், படமெடுக்கும் கூடத்தில் கிடந்த ஒரு துண்டு பிலிம் சுருளை எடுத்துத் தலையில் சுற்றி, அதில் ஒரு புரூச்சைக் குத்திக்கொண்டு அவர் அமர்ந்த கோலம் அது. அவர் பெயர் நேன் ஷெப்பர்ட். 1893இல் பிறந்து, அபர்டீன் நகருக்கு அருகிலேயே ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் கழித்து, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர்.

நம்மில் பெரும்பாலோரைப் போல, ஸ்காட்லாந்து இலக்கியம் என்றால் எனக்கும் முதலில் தெரிந்தவர்கள் பர்ன்ஸ், வால்டர் ஸ்காட், ஸ்டீவன்சன் ஆகிய ஆண்களே. 1920களில் எழுந்த ஸ்காட்டிஷ் மறுமலர்ச்சி என்ற இலக்கிய இயக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதும் ஹியூ மக்டியர்மிட், நீல் கன், லூயிஸ் கிராசிக் கிப்பன் என்ற பெயர்களே முன்னால் வந்து நின்றன. கிப்பனின் 'சன்செட் சாங்' 1932இல் வந்தது. படிப்புக்கும் பிறந்த மண்ணுக்கும் இடையே தவிக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் கதை அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1928இல், அதே வடகிழக்குப் பகுதியிலிருந்து அபர்டீன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் மார்த்தா என்ற பெண்ணைத் தம் முதல் நாவலான 'த குவாரி வுட்'டில் ஷெப்பர்ட் படைத்துவிட்டார். அதில் ஊரார் பேசுவது அந்த வட்டாரத்து ஸ்காட்ஸ் மொழி. வட்டார வழக்கின் சுவையறிந்த தமிழ் வாசகருக்கு அந்த உரையாடல்களின் உயிர்த்துடிப்பு எளிதில் பிடிபடும். ஆனால் அந்த நாவல் நெடுங்காலம் அச்சில் இல்லாமற்போய், 1987இல்தான் மறுபதிப்புக் கண்டது.

இதைவிட என்னை வருத்தியது அவருடைய இன்னொரு நூலின் கதை. இரண்டாம் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் கெய்ர்ன்கோர்ம் மலைகளைப் பற்றி அவர் 'த லிவிங் மவுண்டன்' என்ற சிறு நூலை எழுதினார். கையெழுத்துப் படியை நீல் கன்னிடம் காட்டினார். அவருக்கு நூல் பிடித்திருந்தது, ஆனால் பதிப்பிப்பவர் கிடைப்பது கடினம் என்று கருதினார். ஒரு பதிப்பாளரும் பணிவாக மறுத்துவிட, அது இழுப்பறைக்குள் போனது. மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது 1977இல், ஆசிரியருக்கு 84 வயதானபோது. மலை நூல்கள் பெரும்பாலும் உச்சியை அடைவதையே பேசுகின்றன. ஷெப்பர்டோ மலையின் மேல் ஏறுவதைவிட மலைக்குள் போவதைப் பேசுகிறார். வெறுங்காலோடு ஓடையில் நடக்கிறார். குனிந்து கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்து, பழகிய நிலம் புதிதாகத் தெரிவதை எழுதுகிறார். இயற்கையைப் பற்றி நான் படித்தவற்றுள் இதற்கு ஈடாக வைக்கக்கூடியவை மிகச் சில.

அவர் தலைமுறையைச் சேர்ந்த மற்றப் பெண் எழுத்தாளர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. காஃப்காவின் 'த காசில்', 'த டிரயல்' ஆகியவற்றை நம்மில் பலர் படித்த ஆங்கில மொழிபெயர்ப்பில் வில்லா மியூர், எட்வின் மியூர் என்ற தம்பதியரின் பெயர்கள் இருக்கும். அந்த உழைப்பில் பெரும்பங்கு தம்முடையது என்று வில்லா தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவருடைய சொந்த நாவல்களைத் தேடிப் படித்தவர்களோ சிலரே. கேத்தரின் கார்ஸ்வெல் என்ற எழுத்தாளர் 1930இல், ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞராகப் போற்றப்படும் பர்ன்ஸின் வாழ்க்கையை மறைக்காமல் எழுதியதற்காக அவருக்குத் தபாலில் ஒரு துப்பாக்கிக் குண்டு வந்தது.

1941இல் நடந்த ஒரு ரயில் பயணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கவிஞர் சார்ல்ஸ் மரே இறந்த செய்தி வந்திருந்த நேரம். பெட்டியில் எதிரெதிரே அமர்ந்த இரு பெண்கள் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் ஷெப்பர்ட். மற்றவர் இன்வர்னஸில் ஏழைகள் விடுதியில் பிறந்து, எல்ஜின் நகரின் ஒரு சந்தில் வளர்ந்து, அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, பின்னர் பண்ணைத் தொழிலாளி ஒருவரை மணந்திருந்த ஜெஸ்ஸி கெஸ்ஸன். இறங்குமுன், ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுதும்படி ஷெப்பர்ட் அவரைத் தூண்டினார். கெஸ்ஸனின் 'த ஒயிட் பேர்ட் பாசஸ்' நாவல் 1958இல் வெளிவந்தது.

அந்த நாவலின் இறுதிப் பகுதியில், அநாதை இல்லத்தின் பொறுப்பாளர்கள் ஜேனி என்ற சிறுமியிடம் என்ன வேலைக்குப் போக விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். கவிதை எழுத வேண்டும் என்கிறாள் அவள், ஷேக்ஸ்பியரைப் போலப் பெரிய கவிதை. இந்தப் பெண்களை வாசிக்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்த மெல்லிய நாவலைத்தான்.