பழையதைக் கழிக்காத மாவட்டம்

அவையோருக்கு வணக்கம். செக் நாட்டைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்தால் பிராக் நகரின் பாலத்தையும் கடிகாரத்தையும்தான் எதிர்பார்ப்பீர்கள். நான் அங்கிருந்து கிழக்கே எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போகப் போகிறேன். மாவட்டத்தின் பெயர் குத்னா ஹோரா.

மாவட்டம் என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. செக் நாட்டில் மாவட்ட அலுவலகங்களை 2002ஆம் ஆண்டு முடிவோடு மூடிவிட்டார்கள். ஆனாலும் மாவட்டம் போகவில்லை. நீதிமன்றமும் காவல்துறையும் புள்ளிவிவரத் துறையும் இன்றைக்கும் அந்த எல்லையைத்தான் பயன்படுத்துகின்றன. பழையது எதையும் முழுதாகக் கழித்துவிடாத குணம் இந்த மண்ணுக்கு உண்டு. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

பரப்பளவு 900 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை ஏறத்தாழ 75,000. வடக்கே எல்பே ஆற்றுச் சமவெளியை ஒட்டிய வளமான வயல்கள்; கோதுமையும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கும் விளைகின்றன. தெற்கே போகப் போக நிலம் மேடாகிக் காடும் குன்றுமாக மாறுகிறது. அங்கே சசாவா ஆறு ஓடுகிறது. நிலத்தின் மேலே பார்த்தால் அவ்வளவுதான். கதை நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வெள்ளி கிடைத்தது. ஒரு துறவி தோட்டத்தில் தூங்கி எழுந்தபோது மண்ணிலிருந்து வெள்ளி முளைத்திருந்ததாம். அடையாளத்துக்குத் தன் அங்கியை அதன்மேல் போட்டுவிட்டு ஓடினாராம். அந்த அங்கிக்கு ‘குத்னா’ என்று பெயர், அதனால் ஊர் குத்னா ஹோரா. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘குதத்’ என்றால் செக் மொழியில் தோண்டுவது. எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1300இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் சுரங்கங்களுக்கென்றே ஒரு சட்டத் தொகுப்பு கொண்டுவந்தார். அதே ஆண்டில் நாணயச் சீர்திருத்தமும் செய்தார். அதற்கு இத்தாலியிலிருந்து வல்லுநர்களை அழைத்து வந்ததால் நாணயம் அடிக்கும் அக்கசாலைக்கு ‘இத்தாலிய முற்றம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அங்கே அடித்த வெள்ளி நாணயத்தின் பெயரோ ‘பிராக் குரோஷ்’. பாடுபட்டது குத்னா ஹோரா, பெயர் மட்டும் பிராக்குக்கு! தலைநகரங்கள் எங்கும் அப்படித்தான்.

தோண்டத் தோண்டச் சுரங்கங்கள் ஆழமாயின. ‘ஓசெல்’ என்ற சுரங்கம் 500 மீட்டர் ஆழத்தையும் எட்டியது. ஓசெல் என்றால் கழுதை. சிறு விளக்கின் வெளிச்சத்தில், ஏணிப்படிகளில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஆழம் அது. தொழிலாளிகள் வெள்ளை அங்கி அணிந்திருந்தார்கள். இருட்டில் விழுந்து கிடந்தாலும் கண்ணில் படவேண்டும் அல்லவா?

வெள்ளி வந்தது, நல்ல நீர் போயிற்று. சுரங்கங்கள் நிலத்தடி நீரைக் குலைத்துவிட்டன. வெளியிலிருந்து மரக் குழாய்களில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த நீரைத் தேக்க 1495இல் கட்டி முடித்த பன்னிரண்டு பக்கக் கல் தொட்டி இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. பயணிகள் அதைச் சிற்ப வேலைக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு செலவுக் கணக்கின் ரசீதாகத் தெரிகிறது.

சுரங்கத் தொழிலாளிகளின் காவல் தெய்வம் புனித பார்பரா. அவர் பெயரில் 1388இல் ஒரு பேராலயம் எழுப்பத் தொடங்கினார்கள். வெள்ளி வற்றியது, பணம் நின்றது, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலையும் நின்றது. முடிந்தது 1905இல்! கூடாரம் போன்ற மூன்று கூரைகளும், உள்ளே நாணயம் அடிப்போரின் சுவரோவியமும் அதற்கு உரியவை. நகரின் பழைய பகுதியோடு சேர்த்து 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஊரின் விளிம்பில் செட்லெட்ஸ். 1142இல் தோன்றிய துறவி மடம் 1783இல் கலைக்கப்பட்டது. காலியான மடத்தை என்ன செய்வது? 1812இல் புகையிலைத் தொழிற்சாலை ஆக்கினார்கள்! ஜெபம் நடந்த இடத்தில் சுருட்டு. 1992இல் பிலிப் மோரிஸ் நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கியது. இன்றைக்கும் மாவட்டத்தின் பெரிய முதலாளிகளில் அதுவும் ஒன்று.

அதே செட்லெட்ஸில்தான் எலும்பு ஆலயம். கொள்ளைநோயிலும், 15ஆம் நூற்றாண்டில் நடந்த ஹூசைட் மதப் போர்களிலும் மாண்டவர்களின் எலும்புகள், 40,000 பேருக்குக் குறையாமல், அங்கே குவிந்திருந்தன. 1870இல் பிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச் சிற்பியிடம் ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக் குடும்பம் அவற்றை ஒழுங்குபடுத்தச் சொன்னது. அவர் சரவிளக்கும் பிரபுவின் குலச் சின்னமும் செய்து, சுவரில் தன் கையெழுத்தையும் எலும்பாலேயே போட்டுவிட்டார். சிலருக்கு இது பக்தி, சிலருக்கு அருவருப்பு. மரத்தில் செய்யும் வேலையை அவர் எலும்பில் செய்தார் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாஸ்லாவ், ஹூசைட் தளபதி ஜிஷ்காவின் நினைவைப் போற்றும் ஊர். திரைப்பட இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன் 1932இல் பிறந்த ஊரும் அதுவே. பக்கத்தில் கோதுசிட்சே. அங்கே 1742இல் பிரஷ்யர்கள் ஆஸ்திரியர்களைத் தோற்கடித்தார்கள். அதன் அருகிலேதான் இப்போது கிரிப்பென் போர் விமானங்களின் தளம். காச்சினா மாளிகையில் வேளாண் அருங்காட்சியகம். தெற்கே ஸ்ருச் என்ற ஊரை வளர்த்தது பாட்டா செருப்பு நிறுவனம். ஆம், நம் கால்களுக்குப் பழகிய அதே பாட்டா. நம்மில் பலர் அதை இந்தியக் கம்பெனி என்றே நினைத்து வளர்ந்தோம்!

அடுத்துப் படங்களைக் காட்டப் போகிறார்கள். வெள்ளைக் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு பயணிகள் பழைய சுரங்கத்தில் நுழைவதைப் பார்ப்பீர்கள். எலும்புச் சரவிளக்கின் படம் மட்டும் அதில் இராது. 2020 முதல் முன் அனுமதி இல்லாமல் அங்கே படம் எடுக்க முடியாது. செல்பிக்காக மண்டையோடுகளைத் தொட்டு நகர்த்தியவர்களால் வந்த தடை அது. விளக்கை அணைக்கலாம்.